புகையின் அடி

“டப்பா மூடிய மாத்திப் போட்டுட்டியே பியூலா, சாம்பார் சிந்திப் பை பூரா மணக்குது” என்கிறான் கணவன் பிராங்க்ளின். பட்டாசு கம்பெனி வாசலில் போனை ஒப்படைக்கும் முன் பேசுகிறான். “மணக்கட்டும். யார் வீட்டுச் சாம்பார்னு எல்லாரும் கேப்பாக” என்று சொல்லிவிட்டு அவள் பாடம் நடத்தப் போகிறாள். பதினொரு மணிக்கு வகுப்பின் ஜன்னல்கள் அதிர்கின்றன. அடுத்த நிமிஷம் திருத்தங்கலே கண்மாய்க்கரையில் நிற்கிறது. வயலுக்காகப் போட்ட கரை அது. வயலெல்லாம் அச்சகமும் வீடுமாகிவிட்ட பிறகு, வெடிச்சத்தம் கேட்டால் புகை பார்க்க ஊர் ஏறுகிற மேடு அதுதான். கலைந்த கொக்குகள் உட்கார இடமில்லாததுபோலத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. பியூலாவின் விரல் அவன் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்துகிறது. மணி போகிறது, எடுப்பாரில்லை. “புகை வடக்கதான இருக்கு?” என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறாள். அச்சகத்துச் சங்கரபாண்டியன் மை படிந்த கையால் வெயிலை மறைத்துப் பார்க்கிறார். “மேல பாக்காதீக டீச்சர், அது காத்துக்குச் சாயும். அடியப் பாருங்க.” அடி மேற்கே, பிராங்க்ளினின் கம்பெனிப் பக்கம் இருக்கிறது. அவள் மறுபடி அழுத்துகிறாள். இந்தமுறை யாரோ எடுக்கிறார்கள். “வாட்ச்மேன் சவரியப்பன் பேசுறேன். டீச்சர், அவுக அந்த வெடிச்ச ஷெட்டுக்குள்ளதான் இருந்தாக.” கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தோளில் கிடக்கிற பைக்குள், அவளுடைய சின்ன டப்பாவின் மேல் அவனுடைய பெரிய மூடி, காலையில் வைத்தபடியே, பொருந்தாமல் இருக்கிறது.