ஒன்பது மாத்திரைகள்

தையற்கடை வாசலில் நுழையும் காலை வெயில் மெஷின் ஊசியின் மேல் விழுந்து மினுங்குகிறது. நர்ஸைக் கண்டதும் தையற்காரி பட்டன் டப்பாவைத் துணிக்கு அடியில் தள்ளுகிறாள். நர்ஸ் அதற்குள் பார்த்துவிடுகிறாள். பட்டன்களுக்கு நடுவே மலேரியா மாத்திரை அட்டை. பதினான்கு நாளைக்கு என்று கொடுத்ததில் ஒன்பது அப்படியே இருக்கின்றன. கொடுத்துப் பன்னிரண்டு நாளாகிறது. "என்னக்கா இது? தினமும் போன்ல கேட்டேன். போட்டுட்டேன், போட்டுட்டேன்னீங்களே." தையற்காரி நிமிராமல் மிதிக்கிறாள். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே." "விடும். கிருமி ஈரலுக்குள்ள ஒளிஞ்சிருந்து திரும்ப வரும். ஆறு மாசத்துல உங்களுக்கு இது மூணாவது தடவை. இன்னும் எத்தனை தடவை நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறது?"

மெஷின் நிற்கிறது. தையற்காரி பல்லிடுக்கில் இருந்த நூலை எடுக்கிறாள். "போன மாசம் என் பொண்ணு அனலா கொதிச்சா. தூக்கிட்டு ஓடி வந்தேன். மருந்து தீந்துபோச்சு, நாலு நாள் கழிச்சு வாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த நாலு நாள் எப்படிப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். மறுபடி வந்தா இது அவளுக்கு." "பெரியவங்க மாத்திரை குழந்தைக்கு ஆகாதுக்கா" என்கிறாள் நர்ஸ். "அன்னிக்கு உங்ககிட்ட எது இருந்துச்சு?" நர்ஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள். தையற்காரி ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அவள் பார்க்கவே விழுங்குகிறாள். "போதுமா?" மீதி எட்டையும் மடியில் முடிந்துகொண்டு மறுபடி மிதிக்கத் தொடங்குகிறாள்.