தகரம் தெரியுமட்டும்

“சுரண்டாதீங்க பெருசு! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பெயிண்ட்ல மட்டும் கை வைக்காதீங்க!”

ட்ரெவர் தன் கறுப்பு பிக்கப் வண்டியை மறித்துக்கொண்டு நின்றான். ஆர்லோ உப்புத்தாளும் கையுமாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். மொன்டானாவில் மான் வேட்டைக் காலம் வந்தாலே அவர் ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு விளக்குப் பைத்தியம் வந்து நிற்கும். இவன் மூன்று மணி நேரம் வண்டியோட்டி இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தவன். பம்பரில் மாட்டிய எல்.இ.டி. விளக்கு மினுக் மினுக்கென்று உயிரை வாங்குகிறதாம்.

“எவன்டா மாட்டினான் இத?”

“நான்தான்.”

“அதானே பாத்தேன். எர்த் கம்பியப் பெயிண்ட் மேலயே முடுக்கி வச்சிருக்க. அப்புறம் கரண்டு எந்த வழியாடா திரும்பிப் போகும்? பளிச்சுனு தகரம் தெரியணும். காசு அளவுதான் சுரண்டுவேன், கத்தாத.”

“நானே ஷெட்ல வச்சு அடிச்ச பெயிண்ட் பெருசு. கொழந்த மாதிரி பாத்துக்கறேன்.”

“கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, தள்ளு.”

பானெட்டுக்கு அடியில் ஓர் ஓரமாகத் தேய்த்தார். கறுப்பு போயிற்று. அதற்கடியில் சாம்பல் நிறம், அதுவும் போயிற்று. அதற்கும் அடியில் மாட்டு ரத்தம் போல ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது.

ஆர்லோவின் கை நின்றது.

அந்தச் சிவப்பு அவருக்கு மனப்பாடம். இரண்டு வருடத்துக்கு முன், இதே நவம்பரில், தபால் பெட்டியைத் திறக்க ஆற்று ரோட்டோரம் போன அவர் மனைவி கோராவை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அவள் கோட்டில் ஒட்டியிருந்த பெயிண்ட் துணுக்கைப் போலீஸ் ஷெரிப் எடுத்துக் காட்டினார். பனியில் இரண்டு மணி நேரம் உயிரோடு கிடந்தாளாம், பாவி மகள்.

ஒரே மகன் க்ளின்ட், சேதி கேட்டு பில்லிங்ஸ் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அப்பாவைக் கட்டிக்கொண்டு கதறினான். மறு வாரமே அலாஸ்காவுக்கு, மீன்பிடிக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். எடுத்ததும் முதல் கேள்வி, “அந்த வண்டி ஆப்ட்டுச்சாப்பா?”

ஆப்ட்டுச்சு.

“முன்னாடி அடி வாங்கியிருக்கே, என்னாச்சு?” ஆர்லோ குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

“மான் மோதிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு. தட்டி நிமித்திப் பெயிண்ட் அடிச்சேன். பாத்தா தெரியுதா?”

“எங்க வச்சு மோதிச்சு?”

“இந்த ஆத்து ரோட்லதான்.”

“நின்னு பாத்திருந்தா உசுரு இருந்திருக்குமோ என்னமோ.”

“மானுக்கு எவன் பெருசு நின்னு பாப்பான்?” ட்ரெவர் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே ஆர்லோ உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஷெரிப்பைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வக்கீல் வைப்பான், ஐந்து வருடத்தில் வெளியே வருவான், மறுபடி மான் வேட்டைக்குப் போவான். வேண்டாம்.

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார்.

“கீழ் விளக்குக்கும் எர்த் போட்டுடலாம். எனக்கு முட்டி மடங்காது தம்பி. நீ அடியில படுத்துக் கம்பியப் புடி.”

“ஸ்டாண்டு முட்டுக் குடுக்கலயா பெருசு?”

“ரெண்டு நிமிஷ வேலைக்கு ஸ்டாண்டா? செல்போன மேஜையில வச்சிட்டுப் படு, நசுங்கிடப் போவுது.”

முப்பது வருடத்தில் ஸ்டாண்டு கொடுக்காமல் எவனையும் அவர் வண்டிக்கு அடியில் விட்டதில்லை. ட்ரெவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? போனை வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே உள்ளே புகுந்தான்.

“புடிச்சிட்டேன். எங்க முடுக்கணும், சொல்லுங்க?”

ஆர்லோ ஜாக்கியின் திருகைத் திறந்துவிட்டார்.

வண்டி மொத்தமும் இறங்கி உட்கார்ந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

“முடிச்சுட்டேன் கோரா,” என்றார் ஆர்லோ. இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் மூச்சு நெஞ்சு நிறைய வந்தது.

மேஜை மேல் ட்ரெவரின் போன் அடித்தது. ஓய்ந்து, மறுபடி அடித்தது. பெற்றவளாக இருக்கும், அழட்டும், என்று எடுத்துக் காதில் வைத்தார்.

ஞாயிறுதோறும் கேட்கிற குரல், மூச்சிரைக்கப் பேசியது.

“டேய் ட்ரெவர், உன் மெசேஜ இப்பத்தான் பாத்தேன்! நான் வாங்கின மாசமே மான் மோதிச்சுன்னு உனக்கு வித்த வண்டிய, எங்க ஊர்ப் பக்கமா கொண்டு போயிருக்க? எங்கப்பா கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாதுடா!”