பட்டறைக்கு வந்த ஜீப்பு

“யக்கா, அது ரம்பம்! கரண்டியப் பிடிக்கிற மாதிரியா பிடிப்பீக?”

வேல்விழி ஓடிப்போய், புதிதாக வந்திருந்த அக்காவின் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கினாள். அதற்குள் பலகை கோணல்மாணலாக அறுபட்டிருந்தது. இன்றைக்குப் பார்த்தா இந்த அக்கா மினிபஸ்ஸில் வந்து இறங்க வேண்டும்!

இன்றைக்கு ஆபீசர் வரும் நாள். எம். புதுப்பட்டியில் பூட்டிக் கிடந்த பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கட்டடத்தை நடையாய் நடந்து கேட்டு வாங்கி, ஊருக்கே பொதுவாக ஒரு பட்டறை வைத்திருந்தாள் வேல்விழி. டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், தையல் மெஷின், ரம்பம், உளி எல்லாம் உண்டு. யாரும் வரலாம், கற்றுக்கொள்ளலாம், தனக்கு வேண்டியதைத் தானே செய்து எடுத்துக்கொண்டு போகலாம்.

‘அங்க ஒரு ஈ காக்கா வர்றதில்ல, கட்டடத்தைக் குடோனுக்குக் கொடுங்க’ என்று எவனோ ஒரு புண்ணியவான் மேலே போட்டுக் கொடுத்துவிட்டான். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். ஆள் இருந்தால் பட்டறை, இல்லையென்றால் பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. பட்டறையில் நிற்க இடமில்லை. முனியராஜ் சன்னலோரமாகக் கோழிக்கூண்டு அடித்துக்கொண்டிருந்தான். மாரித்தாய் கட்டில் காலுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். வாரமெல்லாம் ஒரு பொறி பறந்துவிடக் கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவள், இங்கே பொறி பறக்கப் பறக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் வேல்விழிக்கு மனசு நிறைந்துவிடும்.

“இந்தாங்கக்கா, உப்புத்தாளு. ஓரமா உக்காந்து அந்த முக்காலியத் தேயுங்க. ஆபீசர் வந்தா நீங்க வாயே தொறக்கப்பிடாது, ஆமா!”

“சரிம்மா.” அந்த அக்கா சமர்த்தாகத் தேய்க்க உட்கார்ந்தாள். “வாரா வாரம் இம்புட்டுப் பேரா வாறாக?”

“பின்ன? நீங்க எங்கன வேலை பாக்கீக?”

“முன்னாடி தாயில்பட்டியில பட்டாசுக்குத் திரி வெட்டிக்கிட்டிருந்தேன்.”

“மத்தியான மினிபஸ்ஸ விட்டுறாதீக. அடுத்தது சாயங்காலந்தான்.”

“பஸ்ஸு வேணாம்மா, வண்டி வந்துரும்.”

வேல்விழிக்கு நின்று கதை பேச நேரமில்லை. கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க! ஜீப்பு வரும். ஆபீசர் உள்ள வருவாக. ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது. அவுகவுக பாட்டுக்கு வேலையப் பாருங்க, போதும்.”

எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்கள்.

முதலில் பார்த்தவன் முனியராஜ்தான். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

“ஏலே, ஜீப்பு வருது!”

அம்புட்டுத்தான். ரூமுக்கு நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை அடைத்துவைத்து ஆர்டர் முடிக்கிற பட்டாசுக் கம்பெனிகளில், சோதனைக்கு வரும் ஜீப்புச் சத்தம் கேட்டால் பின்பக்கமாக ஓடு என்பதுதான் முதல் பாடம். மாரித்தாய் வெல்டிங் கண்ணாடியோடே ஓடினாள். முனியராஜ் கோழிக்கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினான். மொத்தக் கூட்டமும் பின்வாசல் வழியாகப் பாய்ந்து, சுவரேறிக் குதித்து, கருவேலங்காட்டுக்குள் மாயமாகிவிட்டது.

வேல்விழியே பின்வாசல் வரைக்கும் ஓடிவிட்டாள். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். டிரில்லிங் மெஷின் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜீப்பிலிருந்து வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டோடு ஒருவர் இறங்கி உள்ளே வந்தார். மேசை மேசையாகப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ஒருத்தருமே இல்லையா?”

“இருந்தாக சார்! சத்தியமா இருந்தாக! உக்காருங்க சார், டீ குடிங்க. இந்தா இப்ப வந்துருவாக.”

“எங்க போனாங்க?”

என்னவென்று சொல்வாள்? உங்களைப் பார்த்துத்தான் ஓடினார்கள் என்றா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“சார், எங்க சனம் பொழுதுக்கும் ஊருக்காகப் பட்டாசு செய்யிதுக. தனக்குன்னு ஒரு சாமான் செய்ய இதவிட்டா வேற எடமில்ல சார். மூடிறாதீக சார்!”

“அட, என்கிட்டப் போய் எதுக்கும்மா இதையெல்லாம்...” என்று அவர் நெளிந்தார்.

மனுசன் பிடிகொடுத்தே பேச மாட்டேன் என்கிறாரே!

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். புது அக்காதான். தலையெல்லாம் தூசி, முந்தானையில் கருவேல முள், கக்கத்தில் அந்த முக்காலி.

வேல்விழிக்கு வந்ததே ஆத்திரம்!

“நீங்களும் ஓடுனீகளா? வந்த அன்னைக்கே உங்களுக்கு என்ன கேடு? ஆபீசர் உக்காந்திருக்காக, அங்கனயே நில்லுங்க!”

வெள்ளைச் சட்டைக்காரர் டீயை வைத்துவிட்டு விருட்டென்று எழுந்து, கையில் ஜீப்புச் சாவியோடு விறைப்பாக நின்றார்.

“அழாத வேல்விழி,” என்றாள் அந்த அக்கா. “காலையில இருந்து பாத்துட்டேன்ல. பட்டறை இங்கனயேதான் இருக்கும்.”

“அத நீங்க எப்பிடிக்கா சொல்லுவீக?”

அந்த அக்கா முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தாள்.

“சுவரேறிக் குதிச்ச பெறகுதான்டி ஞாபகம் வந்துச்சு, அது என் ஜீப்புன்னு!”