அரைக்கிலோ பயறு

நான் வார்டுக்குள்ள நுழையும்போது எனக்க வீட்டுக்காரருக்குச் சட்டை முழுக்கக் கஞ்சி. தாடையில வழியுது, மடியில கிடக்கு. அந்த நர்ஸ் பிள்ளை ஷெமி, எதுத்தாப்புல கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு நிக்கா.

வந்த கோவத்துல மடியில கிடந்த ஸ்பூனை எடுத்து நானே ஊட்டினேன். அவரும் வாயைத் திறந்து வாங்கிக்கிட்டாரு.

"சேச்சி, ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாமே"ன்னா அவ.

எதுக்குப் பொறுக்கணும்? வாதம் வந்து வலது பக்கம் விழுந்து மூணு வாரமாக் கிடக்கிற மனுசன். ஆரியசாலையில ஒரு பலசரக்கு மொத்தக் கடையில இருபத்தெட்டு வருஷம் பொட்டலம் கட்டினவரு. பேப்பரை மடிச்சு, சணலை ரெண்டு சுத்துச் சுத்தி, விரலாலேயே அறுத்துப் போடுவாரு. அந்த வேகம் அங்க வேற ஆருக்கும் வராது பாத்துக்கிடுங்க. ஓணம் வரைக்கும் அந்த இடத்துக்கு வேற ஆள் வைக்க மாட்டேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. அதுக்குள்ள அந்தக் கை வரணும். ஆண்டவர்கிட்ட நான் கேக்கிறது அது ஒண்ணுதான்.

எனக்குத் தம்பானூர்ல ஒரு லாட்ஜுல துணி அலக்குற வேலை. விடியும்போது போனா ஆஸ்பத்திரிக்குத் திரும்ப சாயங்காலம் ஆயிரும். வந்ததும் முகம் துடைச்சு, தலை சீவி, பட்டன் போட்டு, கஞ்சி ஊட்டி, அவரை ஒரு விரல் அசைக்க விடமாட்டேன். அன்னைக்கு லாட்ஜுல தண்ணி வரல்ல. மத்தியானமே வந்துட்டேன். வந்த இடத்துல இந்தக் கோலம்.

பக்கத்துக் கட்டில்ல மாமனாருக்குத் துணை இருக்கிற கௌசல்யா மெதுவா என் காதைக் கடிச்சா.

"கஞ்சி மட்டுமாக்கா? தெனமும் பயறு கொண்டு வந்து உங்க ஆளைப் பொட்டலம் கட்ட வைக்கா. கட்டினதும் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போறா. வீட்டுல கடை வச்சிருக்காளோ என்னவோ."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துது. சம்பளமும் வாங்கிட்டு, இடது கை ஒண்ணு மட்டும் வர்ற முடியாத மனுசனை வேலையும் வாங்குவாளா? நேராப் போய்க் கேட்டேன். அவ மறுக்கவே இல்ல. அவ படிப்புல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்களாம். நோயாளியால முடியாததை நர்ஸ் செய்யணுமாம், முடிஞ்சதை அவரே செய்யணுமாம், பாதி முடிஞ்சும் முடியாம இருக்கிறதுக்குப் பக்கத்துல நிக்கணுமாம். சும்மா பக்கத்துல நிக்கிறதுக்கு ஒரு படிப்பு! வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டேன்.

அதோட விடல்ல. கௌசல்யாவைக் கொண்டு மலையாளத்துல புகார் எழுத வச்சேன். கஞ்சி ஊட்டல்ல. பட்டன் போட்டு விடல்ல. வேலை வாங்குறா. ஷெமி தற்காலிக நர்ஸுதான், ஒரு புகார் போனா அடுத்த மாசம் இருக்க மாட்டான்னு கௌசல்யா சொன்னா. போகட்டும்னேன்.

மறுநாள் லாட்ஜுக்கு லீவு சொல்லிட்டு இருந்தேன். ஹெட் நர்ஸ் ஜிஜி காகிதத்தோட கட்டிலுக்கே வந்துட்டாங்க. பின்னால ஷெமி. அழுதிருப்பா போல, கண்ணு சிவந்திருந்துது. ஜிஜி என் வீட்டுக்காரர்கிட்ட புகாரைத் தமிழ்ல சொல்லி, இதெல்லாம் உள்ளதான்னு கேட்டாங்க.

அவருக்குப் பேச்சு இன்னும் இழுத்து இழுத்துத்தான் வரும்.

"எல்லாம்... உள்ளதுதான், சிஸ்டர்."

நான் ஷெமியை ஒரு பார்வை பார்த்தேன்.

அப்படின்னா யோசுவாவே இதுல ஒரு கையெழுத்துப் போடணும்னு அவரைப் பார்த்துச் சொன்னாங்க ஜிஜி. அவருக்குக் கை வராது, மை கொண்டு வாங்க, விரலைப் பிடிச்சு நான் உருட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அவரு ஜிஜி கையிலிருந்து பேனாவை வாங்கிட்டாரு. வலது கையால.

விரல் நடுங்குது, பேனா வழுக்குது. பதறிப்போய்ப் பிடிக்கப் போனேன். வேண்டாம்னு தலையை ஆட்டினாரு. யோ. சு. வா. மூணு எழுத்துக்கு மூணு நிமிஷம். கோழி கிளறின மாதிரிதான் இருந்துது. ஆனா அவரு பேரு, அவரு கை.

எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்துது. இது எப்ப வந்துது, ஏன் எங்கிட்டச் சொல்லல்லன்னு கேட்டேன்.

"நீ... ஓடி ஓடி வந்து ஊட்டுவ. அது உனக்கு ஒரு ஆறுதலா... இருக்கட்டும்னு..."

ஷெமி அவ பையைத் திறந்து காட்டினா. ஒரே அரைக்கிலோ பயறு. தெனமும் அவரு கட்டுறதை வீட்டுல போய் அவுத்து, மறுநாள் அதையே கொண்டு வந்திருக்கா. கசங்கின பழைய பேப்பரும் சணலும் அடியில கிடந்துது.

நான் அந்தப் புகாரைத் தாங்கன்னு கையை நீட்டினேன்.

"தர்றேன். முதல்ல இதைக் கேளுங்க சேச்சி"ன்னு ஜிஜி, கட்டில் கால்மாட்டுல தொங்குன அட்டையை எடுத்தாங்க. நான் தெனமும் வந்ததும் ஈரத் துண்டை விரிச்சுப் போடுற அதே அட்டை. வாசிச்சாங்க.

"திங்கள். காலை, தானே சாப்பிட்டது ஆறு வாய். மத்தியானம், ஒன்பது வாய். சாயங்காலம், மனைவி வந்தார், ஒரு வாயும் இல்லை. செவ்வாய். காலை, எட்டு வாய். மத்தியானம், பதினொரு வாய். சாயங்காலம், மனைவி வந்தார், ஒரு வாயும் இல்லை."