எண்ணெய் தடவிய மேசை

இன்னும் ஒரு தும்மல் தும்மினால் ஜெசிந்தாவைப் பாக்கெட் போடும் பக்கம் அனுப்பிவிடுவதாக பேக்கரி மாஸ்டர் தங்கையா சொல்லியிருந்தார், கண்ணுகளா. பன் உருட்டக் கற்க ஆசைப்பட்டு வந்தவளுக்கு மைதா பறந்தாலே மூக்கு ஒழுகும், நெஞ்சு விசிலடிக்கும். அன்று பரீட்சை. மாவு ஒட்டாமலிருக்க மற்றவர்கள் கை கையாய் மைதாவைத் தூவ, சன்னலோரம் நின்ற ஜெசிந்தா, பரோட்டாக் கடையில் பார்த்தபடி மேசையில் எண்ணெயைத் தடவினாள். உருண்டைகள் வழுவழுவென்று சுழன்றன. மூச்சும் தங்குதடையில்லாமல் போய்வந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“மாஸ்டர், இவ சால்னாவும் ஊத்துவா போல!” என்று கத்திவிட்டுத் தும்மினாள் பக்கத்து மேசை மும்தாஜ்.

தங்கையா சிவந்த கண்களோடு, கை நிறைய மைதாவோடு வந்தார். “மைதா தூவாம பன்னா? யாரும்மா சொல்லிக்குடுத்தது?”

“யாருமில்ல மாஸ்டர். நீங்களே இந்த மேசைகிட்ட குனிஞ்சு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்களேன்!”

இருபது வருஷமாய்த் தும்மிக்கொண்டிருந்த மனுஷர் குனிந்து இழுத்தார். வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி, வழக்கமான தும்மலுக்குக் காத்து நின்றார். கூடமே காத்து நின்றது. தும்மல் வரவில்லை. அவர் இன்னொரு முறை, இன்னும் ஆழமாய் இழுத்தார். மைதா இருந்த கையை மட்டும், துளி மாவும் அந்த மேசைமேல் பறந்துவிடாதபடி இறுக மூடிக்கொண்டார்.