பதினேழாவது தையல்

“சார், அந்தப் பாராசூட்டைப் பிரிங்க. பதினேழாவது தையலை நான் பார்த்தே ஆகணும்!”

தரப் பரிசோதகர் நிமிர்ந்தார். விண்கலத் தொழிற்சாலையின் மூத்த தையல்காரம்மா கையில் தடிமனான நாவலோடு மூச்சிரைக்க நின்றிருந்தார்.

“மடிச்சு, சீல் வச்சாச்சேம்மா. பத்து நாள்ல ராக்கெட் கிளம்புது. பிரிச்சா திரும்ப மடிக்கவே மூணு நாள் ஆகும். என்ன ஆச்சு?”

“இதுல இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம் சார். விண்கலம் பூமிக்குத் திரும்பி வருது. பாராசூட் விரியுது. ஒரே ஒரு தையல் விட்டுப்போகுது. உள்ளே இருந்த மூணு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க!”

“அது கதைம்மா.”

“கதையாவது கத்தரிக்காயாவது! நம்ம கலத்துலயும் மூணு பேர் போறாங்க. பதினேழாவது தையல் போட்ட அன்னிக்கு என் பொண்ணுக்கு நல்ல காய்ச்சல். கை மட்டும்தான் இங்க இருந்துச்சு, மனசு வீட்டுல கிடந்துச்சு. அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி சார் நிம்மதியா இருப்பேன்?”

பரிசோதகர் நாற்காலியைக் காட்டினார். “உட்காருங்க. இருநூறு பக்கம் எப்படித் தாண்டினீங்க? முதல் பாதி போரடிக்கலையா?”

உயிர் போகிற விஷயத்தைப் பேசும்போது இந்த மனுஷருக்கு இதுவா கேள்வி என்று தையல்காரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது.

“போரா? கீழே வைக்க முடியலை. அந்தத் தலைமை இன்ஜினியருக்கு, உலகத்துலயே முதல் ஆளா செவ்வாய்க்கு ஆள் அனுப்பிடணும்னு வெறி. ஆசைப்படட்டும், தப்பில்லை. ‘சரிபார்க்க நேரமில்லை, கிளப்பு’ங்கிறான் பாருங்க, அங்க புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சேன். அப்புறம் நானே போய் எடுத்துக்கிட்டு வந்தேன்.”

“கலத்தை ஓட்டுற அந்தப் பொண்ணு?”

“அழுதுட்டேன் சார்.”

பரிசோதகர் இயக்குநருக்கு போன் போட்டார். “நாவல் படிச்சதுக்கு பாராசூட்டைப் பிரிக்கிறதா? நாளைக்கு சினிமா பார்த்துட்டு ராக்கெட்டையே பிரிப்பீங்களா?” என்று மறுமுனை கத்தியது இந்தப் பக்கம் வரை கேட்டது. வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் அனுமதியையும் வாங்கிவிட்டார்.

மதியம், நீண்ட மேஜையில் பாராசூட் விரிந்து கிடந்தது. தையல்காரம்மா லென்ஸை வைத்துக்கொண்டு பதினேழாவது தையலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓர் இடத்திலும் நூல் தளரவில்லை. மனசு வீட்டில் கிடந்த அன்றைக்கும் கை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. பார்த்து முடித்ததும் பக்கத்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்பாடா! வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கு சார்.”

“எனக்கும்தான்மா.”

“நேத்து ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை. இதை எழுதினவன் மட்டும் என்கிட்ட மாட்டினான்னா, அந்த ரெண்டு கையையும் சேர்த்து வச்சுத் தைச்சிருவேன்!”

பரிசோதகர் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஒன்பது வருஷமா, ‘செய்ததை இன்னொரு முறை பாருங்கள்’னு மாசம் தவறாம சுற்றறிக்கை ஒட்டினேன், ஒருத்தரும் படிக்கலை, அதையே புனைபெயர்ல நாவலா எழுதினேன், இந்த வாரத்துல அதைப் படிச்சுட்டு, செஞ்சதைத் திரும்பப் பார்க்கணும்னு ஓடி வந்ததுல நீங்க நாலாவது ஆளும்மா!”