மேட்டூரில் பெண் பார்த்தது

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் மொகத்தச் சிரிச்சாப்புல வெச்சுக்கங்க" என்றாள் பெருமாயி, மேட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்.

புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்கிறது என்று முனகினான் செல்லமுத்து.

பொங்கல் நோம்பிக்கு அணைப் பூங்காவைப் பார்க்க வந்த கூட்டம் ரோடு வரை நின்றது. கணவனும் மனைவியும் வந்தது அணையைப் பார்க்க அல்ல, பெண் பார்க்க. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும். பூங்கா என்றால் தற்செயலாகச் சந்தித்த மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டுக் கலைந்துவிடலாம்.

வெண்ணந்தூரில் மாமியார் கெடு வைத்திருந்தாள். தை முடிவதற்குள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாக வேண்டும், அடுத்த பொங்கலுக்குத் தொட்டில் ஆட வேண்டும். பஸ் ஏறினால் மாமியாருக்குத் தலை சுற்றும் என்பதால் பெண் தேடும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. அவளும் குறைவைக்காமல் தேடினாள். கெடுத்தது செல்லமுத்துதான். முதல் பெண் குள்ளம் என்றான். இரண்டாவது பெண் நல்ல உயரம், ஆனால் குரல் கட்டை என்றான். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான்.

"இந்தப் பொண்ணையும் தட்டிக் கழிச்சீங்கன்னா உங்கம்மா மொகத்துல நான் முழிக்க முடியாதுங்க" என்றாள் பெருமாயி.

மீன் வறுக்கும் கடைக்குப் பக்கத்தில் கைலாசம் மகளோடு காத்திருந்தார். மகள் சென்னியம்மாளுக்கு இருபது வயது இருக்கும். பெருமாயி அவள் கூந்தலைப் பாராட்டுவது போலப் பின்னலை லேசாக இழுத்துப் பார்த்தாள். சவுரி இல்லை. ராட்டினத்தின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னாள். பெண் திக்காமல் படித்தாள்.

செல்லமுத்து கடலை வாங்கப் போன நேரம் பார்த்துக் கைலாசம் குரலைத் தாழ்த்தினார். தனக்கு மூன்று பெண்கள், பெரிதாகச் செய்ய வசதியில்லை, ஆனாலும் கண்ணைக் கட்டித் தள்ளிவிட மனசு வரவில்லை என்றார்.

"மாப்பிள்ளை கொணம் எப்பிடிங்க அம்மிணி? நீ சொன்னாச் சரி."

"பத்து வருசமா ஒரே ஊட்டுல இருந்து பாக்கறேனுங்க. ஒரு கொற சொல்ல முடியாது" என்றாள் பெருமாயி. சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. மீன் கடைப் புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கடலையோடு வந்த கணவனிடம், பெண் எப்படி என்று ஜாடையில் கேட்டாள். அவன் பெண்ணை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கால் கொஞ்சம் சாய்ச்சு நடக்கறாப்புல இருக்குது என்றான். பெருமாயிக்குக் கோபம் வந்தது. இனி இவனைக் கேட்டுப் பயனில்லை, தானே பேசி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"வா சாமி, நாம ரெண்டு பேரும் ராட்டினம் ஏறலாம்."

செருப்பு நழுவி விழுந்துவிடும் என்று அதைக் கழற்றிக் கணவனிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். ராட்டினம் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆள் ஏற்றுவதற்காக நின்றபோது இவர்கள் பெட்டி உச்சியில் இருந்தது. பெண் பயப்படவில்லை. இந்த வீட்டுக்கு இவள் போதும் என்று பெருமாயி முடிவு செய்தாள்.

"எங்க ஊட்டுக்கு வர உனக்குச் சம்மதமா?"

"சம்மதந்தானுங்க. ஒன்னு மட்டும் கேக்கட்டுங்களா அக்கா?"

"கேளு சாமி."

"நான் வந்தப்பறமும் நீங்க அந்த ஊட்டுலயேதான இருப்பீங்க? இல்ல, உங்கள அம்மா ஊட்டுக்கு அனுப்பிச்சுருவாங்களா?"

பெருமாயி கீழே பார்த்தாள். ஒரு கையில் அவளுடைய செருப்பும் மறு கையில் கடலைப் பொட்டலமுமாக நின்ற மாப்பிள்ளை, பார்க்க வந்த பெண்ணை விட்டுவிட்டுத் தன் பெண்டாட்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.